மஞ்சள் தாள்

லாரி ஆபீஸ் குமாஸ்தாவுக்குப் பெட்டிகளை எண்ணிப் பழக்கமில்லை. சரக்கு அனுப்புகிறவர் சொல்லும் எண்ணிக்கையைச் சீட்டில் எழுதி, 'எண்ணிப் பார்த்தது, சரி' என்று கையெழுத்தும் போட்டுவிடுவார். வெள்ளைத் தாள் ஆபீசுக்கு. கார்பனுக்கு அடியிலிருக்கும் மஞ்சள் தாள் டிரைவரோடு போகும்.

போன மாதம் நாற்பது என்று எழுதிய லோடில் முப்பத்தொன்பதுதான் போய்ச் சேர்ந்தது. ஏறியதே அவ்வளவுதானோ என்னவோ, யார் கண்டது? "நான் எண்ணித்தான் ஏத்தினேன்" என்று முதலாளியிடம் வாய் கூசாமல் சொன்னார் குமாஸ்தா. பழி, ஒட்டடைக்குச்சி என்று எல்லோரும் கூப்பிடும் சுமை தூக்கும் பையனின் தலையில் விழுந்தது. "அண்ணே, நான் எடுக்கலண்ணே" என்று ஒரே ஒருமுறை சொல்லிவிட்டு அவன் வேலையை விட்டுப் போனான். குமாஸ்தா நிமிரவில்லை.

மறுநாளிலிருந்து ஒவ்வொரு பெட்டியையும் தொட்டுத் தொட்டு எண்ணுகிறார். இன்றும் எண்ணினார், இருபத்திரண்டு. வழக்கம்போல எழுதி, மஞ்சள் தாளைக் கிழிக்கும்போது தற்செயலாகக் கண் அதில் போனது. எண்ணிக்கை சரியாக இருந்தது. அதற்குக் கீழே, அவருடைய சாய்ந்த எழுத்திலேயே, 'அண்ணே, நான் எடுக்கலண்ணே' என்று இருந்தது.

வெள்ளைத் தாளைப் பார்த்தார். அதில் அவர் எழுதியதுதான் இருந்தது.

"குடுங்க, நேரமாச்சு" என்று டிரைவர் கையை நீட்டினார்.

"இது தப்பாயிருக்கு. வேற எழுதித் தரேன்."

டிரைவர் எட்டிப் பார்த்தார். "ஒரு மாசமா இதத்தானே எழுதித் தர்றீங்க? போற இடத்துல எல்லாரும் படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போடுறாங்க."