ரெண்டு வருசக் குழாய்

செவ்வாய்ப்பேட்டைக் கடையில் வெள்ளியங்கிரி முதலில் எடுத்தது மலிவான ரப்பர் குழாயைத்தான்.

“இது வெயில் பட்டா வெடிச்சுருமுங்க. ரெண்டு வருசந்தான். அந்தச் சிவப்பு பத்து வருசம் உழைக்கும். ஒலகச் சண்டை நடக்குது, அப்புறம் கேட்டாலும் கெடைக்காது,” என்றார் கடைக்காரர்.

“ரெண்டு வருசம் தாங்குனாப் போதுமுங்க.”

அவன் மனைவி சௌந்திரம் முந்தானைக்குள் கைகளை மறைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். “சிவப்பே வாங்குங்க மாமா.”

“அத்தனை ஒசத்தி எதுக்குப் புள்ள?”

அவள் கடைக்காரரிடம் கேட்டாள். “வளைவுல மடிஞ்சு தண்ணி நின்னுருமுங்களா?”

“நீங்களே மடிச்சுப் பாருங்க அம்மிணி.”

அவள் கையை வெளியே எடுக்கவில்லை. அவரே சிவப்புக் குழாயை முறுக்கிவிட்டார். ஒரு கீறல் விழாமல் அது நிமிர்ந்தது.

“வெவரமானவங்க! பூச்செடிக்குங்களா?”

வெள்ளியங்கிரி மலிவுக் குழாயையே கட்டச் சொன்னான்.

பொழுது சாய்வதற்குள் கிணற்றடித் தொட்டியில் குழாயைப் பொருத்திவிட்டான். மறுமுனை, தோப்புப் பள்ளத்தில் புதிதாகப் போட்டிருந்த குடிசைக்குப் போனது. குஷ்டநோய் வந்த சௌந்திரம் இனிக் கிணற்றுக் கயிற்றையும் குடத்தையும் தொடக்கூடாது என்று வீட்டில் முடிவாகியிருந்தது.

தொட்டியடியிலிருந்து மகள் கூவினாள். “அம்மா, தண்ணி வருதா?”

குடிசை வாசலில் சௌந்திரம் மரத்துப்போன விரல்களைத் தண்ணீரில் நீட்டினாள்.

“வருது சாமி. உங்கப்பன் கணக்குக்கு, இன்னும் ரெண்டு வருசம் வரும்.”