இவர் பேசுவதில்லை

காலில் சுத்தியல் விழுந்தும் எழில் கத்தவில்லை. கண்ணில் தண்ணீர் முட்ட, உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தான். சட்டம் அடித்துக்கொண்டிருந்த மலைப்படம் கையிலிருந்து நழுவியது.

எதிரே உட்கார்ந்திருந்த ஹாலந்துக்காரப் பெண் ஹன்னா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். இவ்வளவு வலியிலும் ஒரு சத்தம் இல்லையே என்று உருகிப்போனாள். பக்கத்தில் நின்ற மாறன், தானே செய்து வைத்த பொம்மையைக் காட்டுகிறவன் போலப் பெருமையாகத் தலையாட்டினான்.

ஒரு விதத்தில் அவன் செய்த பொம்மைதான். மாறன் செங்கம் ரோட்டில் பிரவுசிங் சென்டர் வைத்திருப்பவன், எழிலின் சிநேகிதன். கடைகளுக்கு போர்டு எழுதிக்கொண்டிருந்த எழிலை ஓவியனாக உலகத்துக்குக் காட்டுகிறேன் என்று போன வருஷம் ஒரு வெப்சைட் செய்துகொடுத்தான். பெயர், போட்டோ, மலையை விதவிதமாக வரைந்த படங்கள், இ-மெயில் முகவரி எல்லாம் இருந்தது. ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை.

வெறுத்துப்போன மாறன், படங்களைப் பற்றி எழுதியதை எல்லாம் அழித்துவிட்டு, போட்டோவுக்குக் கீழே ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி போட்டான். ‘இவர் பேசுவதில்லை.’

அவ்வளவுதான். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. மலை சுற்ற வந்த வெள்ளைக்காரர்கள் வீட்டையே தேடி வர ஆரம்பித்தார்கள். படத்தைவிட அவன் வாயைத்தான் ஜாஸ்தி பார்த்தார்கள்.

எழிலோ பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவன். தீபத் திருவிழாவில் காணாமல் போன குழந்தைகளின் பெயரை மைக்கில் அறிவிக்க அவனைத்தான் கூப்பிடுவார்கள். இப்போது டீக்கடையில் சர்க்கரை கம்மி என்று சொல்லக்கூட விரலைக் காட்ட வேண்டியிருந்தது. எந்த பெஞ்சில் எந்த வெள்ளைக்காரர் உட்கார்ந்திருப்பாரோ, யார் கண்டது. தெருவில் ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஒருநாள் பிரவுசிங் சென்டரின் கதவைச் சாத்திவிட்டு, அந்த வரியை எடுத்துவிடச் சொல்லி மாறனிடம் கெஞ்சினான். மூச்சு முட்டுகிறது என்றான்.

“எடுத்துடறேன். அப்பறம் நாளைக்கே போர்டு எழுதப் போயிடு,” என்றான் மாறன்.

எழில் வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தான்.

போன பௌர்ணமிக்கு நாலு வெள்ளைக்காரர்களோடு மலை சுற்றும்போதுதான் கவிநிலாவைப் பார்த்தான். அடி அண்ணாமலையில், அப்பாவோடு நீர்மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள். உப்பு வேண்டும் என்று சைகை காட்டினான். மற்றவர்களாக இருந்தால் மூன்று தடவை முழிப்பார்கள். இவளுக்கு முதல் தடவையே புரிந்தது. போதுமா, இன்னும் வேண்டுமா என்று அவளும் விரலாலேயே கேட்டுச் சிரித்தாள். கேலி செய்கிறாள் என்று நினைத்தான். அந்தக் கேலி அவனுக்குப் பிடித்துப்போனது.

பெயரைக் கேட்க வாய் துடித்தது. நாலு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேள்வியை மோரோடு விழுங்கிவிட்டு, வெப்சைட் முகவரி அச்சடித்த கார்டை மட்டும் அவளிடம் நீட்டினான்.

போன வாரம் அவள் அப்பா பலராமன் கீழ்பென்னாத்தூரிலிருந்து ஆள் அனுப்பியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை சம்பந்தம் பேச வருகிறார்களாம். பேசாதவன் என்று நம்பியுமா பெண் கொடுக்கிறார்கள் என்று எழிலின் அம்மா திரௌபதிக்கு ஆச்சரியம். எழிலுக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்துத்தான் ஹன்னாவும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து உட்கார்ந்திருந்தாள். ஆம்ஸ்டர்டாமில் அவன் படங்களைக் கண்காட்சியாக வைக்கப்போகிறாள்.

பலராமன் மனைவியோடு உள்ளே வந்தார். திரௌபதி காபி கொண்டுவந்து வைத்தாள். அவர் சுற்றி வளைக்கவில்லை.

“பொண்ணுதாங்க இன்டர்நெட்டுல உங்களப் பாத்துட்டு எங்களுக்குக் காட்டினா. நீங்களும் அவள நேர்ல பாத்துட்டீங்க, மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல. சம்மதமான்னு மட்டும் சொல்லுங்க, தம்பி.”

தலையாட்டினால் போதும். ஹன்னாவும் இருப்பாள், கல்யாணமும் நடக்கும். மாறன் கண்ணாலேயே அதைத்தான் சொன்னான்.

ஆனால் அதற்குப் பிறகு? கட்டிக்கொண்டவளிடமும் வாயைப் பொத்திக்கொண்டா குடும்பம் நடத்துவது? ஒரு வார்த்தைக்கு அந்தப் பெண் காலம் பூராவும் ஏங்க வேண்டுமா?

“எனக்குப் பேச வருங்க,” என்றான். வெளியாட்கள் முன்னால் பேசி ரொம்ப நாளானதில் குரல் கரகரத்தது. “வெப்சைட்டுல போட்டிருக்கறது பொய். உங்க பொண்ணுகிட்ட வாய் ஓயாம பேசணும்னு ஆசையா இருக்குங்க.”

மாறன் தலையில் கை வைத்துக்கொண்டான். ஹன்னாவுக்குத் தமிழ் தெரியாது. குரல் கேட்டதே போதுமானதாக இருந்தது. எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். போனால் போகட்டும் என்று இருந்தது எழிலுக்கு. நெஞ்சு நிறைய மூச்சு விட்டுக்கொண்டு பலராமனைப் பார்த்துச் சிரித்தான்.

பலராமன் சிரிக்கவில்லை. குடிக்காத காபியைக் கீழே வைத்தார். அவர் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலில் எழுந்தாள். பின்னாலேயே எழுந்தவர், வாசற்படியில் நின்று திரும்பினார்.

“அவளுக்குக் காதும் கேக்காது, பேச்சும் வராது, தம்பி. தன்ன மாதிரி ஒருத்தர்னுதான் உங்களக் கேட்டா.”