பூசின கன்னம்

சண்முகவள்ளி மாத்திரையை நாக்கில் வைத்துத் தண்ணீர்ச் செம்பைத் தூக்கும்போது, பெண் பார்க்க வந்திருக்கும் மாப்பிள்ளையின் அம்மா அடுப்படிக்குள் நுழைகிறாள். "தண்ணியா? இங்கிட்டுக் கொடு தாயி, வெயிலு கொல்லுது" என்று செம்பை வாங்கி மடமடவென்று குடிக்கிறாள். ரத்தத் தட்டணுக்கள் குறைகிற நோய் சண்முகவள்ளிக்கு; லேசாக அழுத்தினாலும் தோல் கன்றிவிடும். ஸ்டீராய்டு மாத்திரையை ஒருநாள்கூட விடக் கூடாது என்பது மதுரை டாக்டரின் பேச்சு. வந்தவர்களுக்குத் தெரியவே கூடாது என்பது அம்மா இருளம்மாளின் பேச்சு. மாத்திரை அட்டை மிளகாய்வற்றல் பானைக்குள் கிடக்கிறது. "போட்டோவுல ஒடிசலா இருந்துச்சு, இப்பக் கன்னமெல்லாம் பூசுனாப்புல இருக்கே!" மாத்திரை வீங்கவைத்த முகத்தைத்தான் மாப்பிள்ளையின் அம்மா மெச்சுகிறாள். "எங்க வீட்டுச் சோறு அப்படி மதினி" என்று அடுப்பருகே நிற்கும் இருளம்மாள் கூசாமல் சிரிக்கிறாள். மாத்திரை கரைந்து கசப்பு தொண்டைக்கு இறங்குகிறது. சண்முகவள்ளி வாயைத் திறக்காமல் தலைகுனிகிறாள். "அடக்கமான புள்ள" என்று அந்த அம்மாள் கன்னத்தைச் செல்லமாக அழுத்திக் கிள்ளி, விரல்களைத் தன் உதட்டில் ஒற்றிக்கொள்கிறாள். இருளம்மாளின் சிரிப்பு நின்றுபோகிறது. காப்பி ஆறுவதற்குள் அந்த இடம் நாவற்பழமாகக் கறுக்கும். அவள் கண்கள் பவுடர் டப்பாவைத் தேடுகின்றன.