போன வியாழன் வந்த போன்

“துரோகி! பதினெட்டு வருஷமா தங்கச்சி தங்கச்சின்னு கூப்பிட்டுட்டு, போறப்ப ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டியே!”

தையல்கார அக்கா தலையில் அடித்துக்கொண்டு அழுதது கூடப்பிறந்த அண்ணனுக்காக அல்ல. மேசைமேல் பூக்களுக்கு நடுவே சிரித்துக்கொண்டிருந்த நடிகரின் படத்தைப் பார்த்துத்தான். சினிமாவில் பாதி ஆயுசு, டிவி தொடரில் மீதி ஆயுசு என்று வீட்டுக்கு வீடு அண்ணனாகவே வாழ்ந்துவிட்டுப் போன மனிதர் அவர்.

ஜெராக்ஸ் கடை மாடியில் ரசிகர் மன்றத்தின் இரங்கல் கூட்டம். நாற்பது நாற்காலி போட்டு அறுபது பேர் வந்திருந்தார்கள். நடிகரின் வீட்டிலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. முப்பது வருடம் அவருக்குக் கார் ஓட்டிய டிரைவர் மட்டும் தானாகவே வந்து, படத்துக்குப் பக்கத்தில் நின்றார். வந்தவர்களைக் கும்பிட்டதோடு சரி. “டீ சாப்பிடுறீங்களா?” என்றதற்கும் வேண்டாமென்று கையை மட்டும் ஆட்டினார். துக்கம் தொண்டையை அடைக்கிறது, பாவம் என்று விட்டுவிட்டார்கள்.

அக்காவின் கதை மன்றத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். கட்டியவன் கைவிட்டுப் போன வருடம், தன் தையல் கடையின் பேரும் போன் நம்பரும் அச்சடித்த அளவுத் தாளின் பின்பக்கத்தில், “அண்ணா, இதுதான் என் கடைசிக் கடிதம்” என்று நடிகருக்கு எழுதிப் போட்டாள். மூன்றாம் நாள் போன் வந்தது. “அடுத்த வருஷமும் இதே நாள் கூப்பிடுவேன் தங்கச்சி. உன் மிஷின் ஓடுற சத்தம் எனக்குக் கேக்கணும்.”

சொன்னபடி வருடம் தவறாமல் அந்த நாளில் போன் வந்தது. அவளும் போனை மேசையில் வைத்துவிட்டு மிஷினை மிதித்துக் காட்டுவாள். அந்தச் சத்தத்தில்தான் இரண்டு பிள்ளைகளும் வளர்ந்தார்கள்.

“போன வியாழக்கிழமைகூட பேசினாரே!” அக்கா மூக்கைச் சிந்தினாள். “நல்லா கணீர்னு பேசினாரு. அன்னிக்குப் பாத்து மிஷின் பெல்ட்டு அறுந்து தொலைஞ்சுது. ‘சத்தத்தையே காணோமே, மொதல்ல பெல்ட்ட மாத்து தங்கச்சி’ன்னு சிரிச்சாரு. உடம்பு முடியலன்னு ஒரு வார்த்தை சொன்னாரா?”

மன்றத் தலைவரான ஜெராக்ஸ் கடைக்காரர் நிமிர்ந்தார். நாற்பது வருடம் தொண்டை கிழியக் கத்தியதற்கு நடிகரிடமிருந்து அவருக்குக் கிடைத்தது கையெழுத்துப் போட்ட ஒரே ஒரு போட்டோ. அதிலும் கையெழுத்து அச்சடித்தது.

“போன வியாழக்கிழமையா? நல்லா யோசிச்சுச் சொல்லு.”

“இதுல யோசிக்க என்ன இருக்கு? வருஷா வருஷம் வர்ற நாள்தானே.”

அவர் அன்றைய பேப்பரை விரித்துச் சத்தமாக வாசித்தார். நடிகரின் மனைவி பேட்டி கொடுத்திருந்தார். தொண்டையில் ஆபரேஷன் ஆகி ஐந்து மாதமாக அவருக்குப் பேச்சே இல்லையாம். வேண்டியதையெல்லாம் சிலேட்டில்தான் எழுதிக் காட்டினாராம். வெளியில் யாருக்கும் தெரிய வேண்டாம் என்பதையும் அவரேதான் எழுதிக் காட்டினாராம்.

தலைவர் பேப்பரை மடித்து அக்காவின் முன்னால் போட்டார்.

“பேச்சே போன மனுஷன் உங்கிட்ட மட்டும் கணீர்னு பேசினாரா? இத்தன வருஷமா எங்க காதுல பூ சுத்திட்டிருக்க!”

“ஐயோ, இல்லண்ணே! என் புள்ளைங்க மேல சத்தியமா...”

“புள்ளைங்கள ஏன்டி இழுக்கிற?” முதல் வரிசையிலிருந்த நர்ஸ் எழுந்துவிட்டாள். அக்காவோடு ஒரே தட்டில் சாப்பிட்டுப் பழகியவள். “உன் கதையைக் கேட்டுத்தான் நானும் அவருக்கு எழுதினேன். எனக்கு மட்டும் ஏன் போன் வரலன்னு எத்தன நாள் அழுதிருக்கேன் தெரியுமா? இப்படி ஏமாத்திட்டியே, நீயெல்லாம் ஒரு மனுஷியா?”

அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒவ்வொருவராக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அண்ணன் பேசியது பொய்யென்றால் பதினெட்டு வருடம் அவள் உயிரோடு இருந்ததே பொய்தான். ஓடிப்போய் டிரைவரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க சொல்லுங்கண்ணே! வர்ற கடிதமெல்லாம் நீங்கதான் பிரிச்சுப் படிப்பீங்கன்னு அண்ணன் சொல்லியிருக்காரு. நீங்கதானே நம்பரைப் போட்டுக் குடுத்திருப்பீங்க? நான் பொய் சொல்றேனா?”

டிரைவர் அவளைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். பிறகு கையை விடுவித்துக்கொண்டு வாசலைப் பார்த்தார்.

“அவரை எதுக்கு வம்புல மாட்டிவிடுற? மன்றத்து கார்டைக் கழட்டி வெச்சிட்டுக் கிளம்பு!” என்றார் தலைவர்.

அக்கா கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றினாள். கயிறு முடியில் சிக்கிக்கொண்டது.

“அவங்க பொய் சொல்லலீங்க.”

கணீரென்று அதே குரல். தினமும் டிவியில் கேட்ட குரல். அறுபது பேரும் படத்தைத்தான் திரும்பிப் பார்த்தார்கள்.

அக்கா மட்டும் படத்தைப் பார்க்கவில்லை. டிரைவரையே பார்த்தபடி இரண்டடி பின்னால் போனாள்.

“அப்ப... எங்கண்ணன் எங்கிட்ட ஒருநாள்கூட பேசலியா?”

டிரைவர் தலையை நிமிர்த்தவேயில்லை.

“பெல்ட்ட மாத்திட்டியா, தங்கச்சி?”