மூன்றாவது பயணி

“வண்டியில் மூன்று இதயங்கள் துடிக்கின்றன. இரண்டு பெல்ட்தான் போட்டிருக்கிறது. கிளம்ப முடியாது” என்றது கார். உள்ளே இருந்ததோ குணாளனும் அவன் மனைவி நளினாவும் மட்டும்தான்.

“எலி ஒயரைக் கடிச்சிருச்சு” என்று குணாளன் தீர்ப்புச் சொன்னான். மெக்கானிக்கைக் கூப்பிடுவது அவனுக்கு மானப் பிரச்சினை. பின்சீட்டைக் கழற்றி, டெஸ்டரும் கையுமாக ஒயர் ஒயராகத் தொட்டுப் பார்த்தான். அவன் தனியாக உட்கார்ந்தால் கார் ஒன்று என்றது. நளினா தனியாக உட்கார்ந்தால் இரண்டு என்றது.

“உன் சீட்லதான் கோளாறு” என்று அதையும் பிரித்துப் போட்டான். இரண்டு வாரமாக அவள் காலையில் வாந்தியெடுப்பதற்குக்கூடக் கார் ஏசியின் நாற்றமே காரணமென்று கண்டுபிடித்து, போன ஞாயிறே அதைக் கழுவி வைத்த மேதை அவன்.

“ஏனுங்க, ஆஸ்பத்திரிக்கு நேரமாச்சு.”

“இரு, இந்தச் சென்சார் ஒயரையே அறுத்துடறேன்.”

அறுத்தான். கார் வாயை மூடிக்கொண்டது. “பாத்தியா? மூணாவது ஆளே இல்ல!” என்று நெஞ்சை நிமிர்த்தினான்.

நளினா தெருவில் போன ஆட்டோவை நிறுத்தி ஏறிக்கொண்டாள்.

“அந்த மூணாவது ஆளை டாக்டர்கிட்டக் காட்டிட்டு வர்றேன். அப்பா எங்கேன்னு கேட்டா, கார் ரிப்பேர்ல இருக்காருன்னு சொல்லிடறேனுங்க.”