பிரிக்காத பெட்டி

சற்குணவதியின் கம்ப்யூட்டருக்குப் புது மதர்போர்டு மாட்ட வந்த இம்தியாஸ், அவள் கண்ணெதிரிலேயே பெட்டியின் முத்திரையைக் கிழித்தான். மாட்டி முடித்ததும் திரையில் ஏதோ பழைய வருஷம் வந்து நின்றது.

"தேதியும் மணியும் காட்டுற குட்டி பேட்டரி செத்துப்போச்சு மேடம்."

"புதுசுன்னீங்களே? யாருமே தொடாதது எப்படிங்க தீரும்?"

"ரொம்ப நாளா குடோன்ல கிடந்திருக்கும். யாரும் பிரிக்காட்டியும் அது பாட்டுக்கு உள்ளே மணி எண்ணிக்கிட்டேதான் இருக்கும். அதுலயே தீர்ந்துடும்."

அவனுக்குக் காபி கொடுக்க எடுத்த இரண்டாவது டம்ளரில் வாங்கிப் பல வருஷமாகியும் ஒட்டியிருந்த கடை ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

வேறு பேட்டரியைப் போட்டுவிட்டு, "இப்ப மணி என்ன மேடம்?" என்றான்.

கடிகாரத்தின் பக்கம் திரும்பாமலே சொன்னாள். "பதினொண்ணு பதினேழு."

இம்தியாஸ் செல்போனை எடுத்துப் பார்த்தான். ஒரு நிமிஷம்கூடப் பிசகவில்லை.