கடிகாரம் உடையும் காட்சி

"யாரு இவன், மூக்குக்கண்ணாடி?"

இயக்குநர் போட்ட சத்தத்தில் மனைவி கரண்டியும் கையுமாக ஓடிவந்தாள்.

"யாரோட மூக்குக்கண்ணாடி?"

"பேரே அதுதான். என் படத்துக்கு ஒத்தை ஸ்டார் போட்டிருக்கான், படுபாவி!"

படம் வெளியாகி நாலு நாள் ஆகிறது. கொலை உண்டு, மர்மம் உண்டு, துப்பறிதல் உண்டு. பணம் மட்டும்தான் இல்லை. கொலை நடக்கிற பங்களா, இவர் வீட்டு ஹால். போலீஸ் ஸ்டேஷனும் அதே ஹால்தான், சோபாவை மட்டும் திருப்பிப் போட்டிருந்தார்கள். இன்ஸ்பெக்டராக நடித்தவர் பல் டாக்டர். தியேட்டர்காரர்கள் யாரும் ஏறெடுத்துப் பார்க்காததால் படம் நேராகச் செல்போனுக்கே வந்துவிட்டது.

படத்துக்குக் கீழே இருபத்தாறு பேர் கருத்து எழுதியிருந்தார்கள். அதில் இருபத்தைந்து பேர் ஐந்து ஸ்டார். அசந்துபோக வேண்டாம். 'அப்படியே காப்பி பண்ணிப் போடுங்க, புண்ணியமாப் போகும்' என்று குடும்ப குரூப்பில் வாசகத்தை எழுதிப் போட்டவர் சாட்சாத் இயக்குநரேதான்.

'அந்தக் கடிகாரம் உடையும் காட்சி! உடம்பே சிலிர்த்துவிட்டது!'

சித்தப்பாவுக்குச் சிலிர்த்தது. பல் டாக்டருக்குச் சிலிர்த்தது. மச்சினிக்கும் அதே இடத்தில், அதே ஆச்சரியக்குறியோடு சிலிர்த்தது.

இருபத்தாறாவது ஆள்தான் மூக்குக்கண்ணாடி.

"என்னதான் எழுதியிருக்கான்?" என்றாள் மனைவி.

இயக்குநர் பல்லைக் கடித்துக்கொண்டு படித்தார். "'படத்தை மூன்று முறை முழுவதுமாகப் பார்த்தேன். எல்லோரும் புகழும் கடிகாரக் காட்சி எங்குமே வரவில்லை. மற்றவர்கள் எந்தப் படத்தைப் பார்த்தார்கள் என்று தெரிவித்தால் நல்லது.' கீழே முந்நூறு பேர் சிரிச்சு வச்சிருக்காங்க!"

"விட்டுத் தள்ளுங்க."

"எப்படி விடறது? அஞ்சு மணிக்குத் தயாரிப்பாளர் கூப்பிடறார். ஜனங்க கருத்தைப் படிச்சிட்டுத்தான் அடுத்த படம் உண்டா இல்லையான்னு சொல்வாராம். இவன் என் பிழைப்புல மண்ணைப் போடறான்!"

உள்ளறையிலிருந்து மாமனாரின் குரல் கேட்டது. "மாப்பிள்ளை, அந்தக் கடிகாரம் எத்தனாவது நிமிஷத்துல வருது?"

"இடைவேளைக்கு அப்புறம் மாமா! இப்ப அதுவா முக்கியம்?"

"அப்பாகிட்ட எரிஞ்சு விழாதீங்க," என்றாள் மனைவி. "அவரே கண்ணு எரியுதுன்னு சொட்டு மருந்து விட்டுக்கிட்டு இருக்கார்."

இயக்குநர் எடிட்டரைப் போனில் பிடித்தார். "தம்பி, எவனோ கடிகார சீனே இல்லைங்கறான். கண்ணு தெரியாத கபோதி!"

எடிட்டர் இழுத்தார்.

"அண்ணே... படம் நீளம்னு வெட்டினதுல அந்த சீன் போயிடுச்சே? கடைசிக் காப்பியை அனுப்பி, பார்த்துட்டு சரியான்னு சொல்லுங்கன்னு கேட்டேனே?"

"நான் சரின்னு சொன்னேனே!"

"சொன்னீங்கண்ணே. ரெண்டு மணி நேரப் படத்துக்கு ரெண்டே நிமிஷத்துல சொன்னீங்க."

இயக்குநர் போனைச் சத்தமில்லாமல் வைத்தார். மனைவி பக்கம் திரும்பவே இல்லை.

அஞ்சு மணிக்குத் தயாரிப்பாளர் கூப்பிட்டார்.

"கருத்தெல்லாம் படிச்சேன். அந்த மூக்குக்கண்ணாடி யாரு?"

"யாரோ பொறாமை பிடிச்சவன் சார்..."

"எவனா இருந்தா என்னய்யா? உங்க படத்தைக் கடைசிவரைக்கும் பார்த்த ஒரே மனுஷன் அவர்தான். நானே அரை மணி நேரத்துல குறட்டை விட்டுட்டேன். அந்த ஆளைத் தேடிக் கூட்டிட்டு வாங்க. உங்க அடுத்த கதையை அவர் படிச்சுச் சரின்னு சொன்னாத்தான் படம். இல்லேன்னா ஆளை விடுங்க."

இயக்குநர் தலையில் கைவைத்து சோபாவில் சரிந்தார்.

"இத்தனை பெரிய உலகத்துல அவனை எங்கன்னு போய்த் தேடுவேன்?"

"தேட வேண்டாம் மாப்பிள்ளை. நான்தான்."

மாமனார் கண்ணாடியை வேட்டி நுனியில் துடைத்தபடி வந்து நின்றார். ஒரே ஒரு தலைமுடியை வைத்துக் கொலைகாரனைக் கண்டுபிடிக்கிற படம் எடுத்தவருக்கு, பக்கத்து அறையில் இருந்த ஆளைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

"நீங்களா? வீட்டுக்குள்ளயே இருந்துக்கிட்டு ஒத்தை ஸ்டாரா மாமா?"

"ஸ்டார் போடாம எழுத விடமாட்டேங்குது மாப்பிள்ளை. எதையோ அமுக்கினேன்." மாமனார் கரண்ட் ஆபீஸில் வீடு வீடாகப் போய் மீட்டர் ரீடிங் எடுத்து ரிடையர் ஆனவர். "நீங்க அனுப்பினதை அப்படியே போடத்தான் இருந்தேன். ஆனா முப்பது வருஷத்துல ஒரு மீட்டரைக்கூடப் பாக்காம எழுதினதில்லையே. அதான், பார்த்துட்டே போடுவோம்னு உக்காந்தேன்."

"அதுக்கு மூணு தடவையா பார்ப்பாங்க?"

மாமனார் ஹால் சுவரைப் பார்த்தார். அங்கே வெறும் ஆணி மட்டும் இருந்தது.

"நான் ரிடையர் ஆன அன்னிக்குக் கூட வேலை பார்த்தவங்க வாங்கிக் கொடுத்த கடிகாரம் அது. 'உடையுதேன்னு வருத்தப்படாதீங்க மாமா, படத்துல என்னிக்கும் இருக்கும்'னு சொல்லித்தானே கழட்டினீங்க? ஒரு தடவை பார்த்துடணும்னு ஆசை."

இயக்குநரும் அந்த ஆணியைப் பார்த்தார்.

"எழுதிப் போட்டதுக்கு அப்புறம் எனக்கே சந்தேகமாயிடுச்சு," என்றார் மாமனார், கொஞ்சம் வெட்கத்தோடு. "வயசாச்சு பாருங்க, மூணு தடவையும் அந்த நேரம் பார்த்துக் கண் அசந்துட்டேன் போலிருக்கு. நீங்க பார்த்தப்போ அது எத்தனாவது நிமிஷத்துல வந்துச்சு மாப்பிள்ளை?"